காலிக் கூடத்தில் செய்த சோதனை: கண்காட்சித் துறை ஆய்வுக் குழுக்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வணிகக் கண்காட்சிகளுக்கான கருவிகளையும் அரங்க அமைப்புகளையும் உருவாக்கும் ஆய்வுக் குழுக்களின் தவறுகளில் பல, காலிக் கூடத்தையும் ஆள் நிறைந்த கூடத்தையும் ஒன்றென எண்ணுவதிலிருந்தே பிறக்கின்றன.

வருகையாளர் நடமாட்டத்தைப் பதிவுசெய்யும் புளூடூத் உணரிகளையே எடுத்துக்கொள்வோம். கண்காட்சிக்கு முந்தைய நாள் மாலை காலிக் கூடத்தில் பிசகின்றி இயங்கிய உணரி, மறுநாள் கதவு திறந்து கூட்டம் சேர்ந்ததும் தடுமாறும். நீர் மிகுந்த மனித உடல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சிக்கொள்வதும், அதே அலைவரிசையில் அக்கம்பக்கத்து அரங்குகளின் வைஃபை கருவிகள் போட்டியிடுவதும் இதற்குக் காரணங்கள். உணரியை மேசை உயரத்தில் வைக்காமல் தலைக்கு மேலே பொருத்தினாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

கைபேசிகளை எண்ணிவிட்டு ஆட்களை எண்ணியதாக அறிக்கை எழுதுவது இன்னொரு பிழை. 2014-இல் வெளியான ஐஓஎஸ் 8 முதல், ஐபோன்கள் வைஃபை தேடும்போது தம் முகவரியை, அதாவது கருவியை அடையாளம் காட்டும் எண்ணை, மாற்றிக் காட்டத் தொடங்கின. ஆண்ட்ராய்டும் பின்னர் அவ்வழியே வந்ததால், ஒரே மனிதர் கணக்கில் பலராகத் தோன்றக்கூடும். வாசலில் ஒருவரை நிறுத்தி ஒரு மணி நேரம் கையால் எண்ணச் செய்து, அந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பழைய முறைதான். ஆனால் அதைவிட நம்பகமான சரிபார்ப்பை நான் கண்டதில்லை.

அரங்கச் சட்டகங்களின் மாதிரியை, அதை வடிவமைத்தவர்களே பூட்டிப் பார்ப்பதும் போதாது. கூடத்தில் அதைப் பூட்டுபவர்கள் நள்ளிரவில், அரைகுறை வெளிச்சத்தில், வரைபடத்தை அப்போதுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்கள். இரு பக்கமும் நுழையக்கூடிய ஓர் இணைப்புத் துண்டு, அவர்கள் கையில் தலைகீழாகவே நுழையும்.

எல்லாவற்றிலும் விலையுயர்ந்த தவறு, காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் முன்பே புதிய பொருளைக் காட்சிக்கு வைப்பது. 1873-ஆம் ஆண்டு வியன்னா கண்காட்சிக்கு, தம் கண்டுபிடிப்புகள் களவுபோகும் என்றஞ்சி அயல்நாட்டவர் சிலர் வர மறுத்தனர். கண்டுபிடிப்புகளுக்கு நாடுகளிடையே பாதுகாப்புத் தரும் 1883-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கைக்கு அந்த அச்சமும் ஒரு தூண்டுதல். முன்பே வெளியான பொருளுக்குப் பொதுவாகக் காப்புரிமை கிடைக்காது என்றாலும், அமெரிக்கச் சட்டம் அதை வெளியிட்டவருக்கு விண்ணப்பிக்க ஓராண்டு அவகாசம் தருகிறது. ஐரோப்பியக் காப்புரிமைச் சட்டமோ, சர்வதேசக் கண்காட்சிகள் குறித்த 1928-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் ஏற்கப்பட்ட கண்காட்சிகளுக்கு மட்டுமே ஆறு மாத விலக்கு அளிக்கிறது. வழக்கமான வணிகக் கண்காட்சிகள் இந்த வரையறைக்குள் வருவதில்லை. எனவே, அரங்குக்கு முன்பதிவு செய்யும் நாளிலேயே விண்ணப்பத் தேதியையும் குறித்துவிட வேண்டும்.