மொடிபை பண்ணின எவோ ஒண்ட திருகோணமலைல இருந்து நேரடியா விக்கிறதெண்டா

எவோ (மிட்சுபிசி லான்சர் எவொலூஷன்), நிசான் சில்வியா, மஸ்டா ஆர்எக்ஸ்-7 மாதிரி ஸ்போர்ட்ஸ் கார் வச்சிருக்கிற ஆக்கள் முதல்ல ஒண்ட விளங்கிக்கொள்ளுங்க, டர்போக்கும் கொயிலோவருக்கும் (உயரம் மாத்திற சஸ்பென்ஷன்) போட்ட காசு அப்பிடியே திரும்பி வராது. வாங்க வாறவன் காசு குடுக்கிறது ஊத்தை இல்லாத பேப்பருக்கும் கறளால உக்காத கார் பொடிக்கும்தான். ஆனா அதுக்காக கார் சேல் கடைக்காரன்ட கொண்டுபோய் விட்டுடாதீங்க, அவன் "இத ஆர் தம்பி வாங்குவான்" எண்டுதான் தொடங்குவான். 2020 மார்ச்ல நிப்பாட்டின இறக்குமதிய 2025ல திறந்தாலும் வயசுக் கட்டுப்பாடு இருக்கு, 90கள்ல வந்த கார் இனி கப்பல்ல வராது, நாட்டுக்குள்ள கிடக்கிறதுதான் கிடக்கிறது, அதால தேடி வாற ஆள் இருக்கு.

விளம்பரம் போட முதல் சிஆர (காரின்ட பதிவுச் சான்றிதழ்) கையில எடுத்துக்கொண்டு போனட்ட திறந்து இஞ்ஜின் நம்பரையும் செஸி நம்பரையும் ஒவ்வொரு எழுத்தா ஒப்பிட்டுப் பாருங்க. இஞ்ஜின் மாத்தின கார் எண்டா, கலர் மாத்தினதெண்டாலும்தான், அது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிஞ்சிருக்கணும், இல்லாட்டி விலை பேசி முடிஞ்ச பிறகு ஆள் நழுவிடுவான். லீசிங் முடிஞ்சும் சிஆர்ல லீசிங் கொம்பனி பேர் நிக்குதா எண்டும் பாருங்க. எவோல விசயம் தெரிஞ்சவன் முதல்ல பாக்கிறது இஞ்ஜினுக்குப் பின்னால தகட்டுல இருக்கிற பிளேட்டத்தான், அதுல மொடல் குறி இருக்கும், எவோ 4 எண்டா சிஎன்9ஏ, 5ம் 6ம் சிபி9ஏ, 7ல இருந்து 9 வரைக்கும் சிடி9ஏ. சாதா சிகே லான்சருக்கு பம்பரும் விங்கும் போட்டு எவோ எண்டு விக்கிற ஆக்கள் இருக்கிறதால அந்தப் பிளேட்ட கிட்ட வச்சு ஒரு போட்டோ எடுங்க, செஸி நம்பர்ட கடைசி இலக்கங்கள மட்டும் மறைச்சு விடுங்க.

எங்கட ஊர்ல பெரிய தலையிடி உப்புக்காத்து. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் நிண்ட கார் எண்டா கொழும்புக்காரன் வந்து நேரா பின் வீல் ஆர்ச், சைட் சில் (கதவுக்குக் கீழ இருக்கிற தகடு), டிக்கி கார்ப்பெட்டுக்குக் கீழ கைய வைப்பான். கறள் இருந்தா பூசி மறைக்காதீங்க, போட்டோல காட்டுங்க, 260 கிலோமீற்றர் ஓடி வந்து கறளப் பாத்தவன் விலை குறைக்கிறது வேற மாதிரி இருக்கும்.

கழட்டி வச்ச ஒரிஜினல் சாமான் எல்லாத்தையும் தேடி எடுங்க. கம்பனி சைலன்சர், ஏர் பொக்ஸ், இசியு (இஞ்ஜின் கொம்பியூட்டர்), ரிம். சத்தம் கூடின சைலன்சரும் கூடுதல் லைட்டும் பொலிஸ் மறிக்கிற சாமான், அதக் கழட்டி தனியா வித்தா காருக்கும் நல்லது பொக்கெட்டுக்கும் நல்லது. டியூன் (இஞ்ஜின் செட்டிங்) 95 ஒக்டேன் பெற்றோலுக்குச் செஞ்சதெண்டா வாயால சொல்லாம எழுதியே குடுங்க, 92 அடிச்சு டர்போ பூஸ்ட்ல இழுத்தா பெற்றோல் தாறுமாறா எரிஞ்சு நொக் பண்ணி பிஸ்டன் போயிடும், பிறகு இரவு பன்னெண்டுக்கு கோல் வரும். டைமிங் பெல்ட் மாத்தின பில்லும் நாலு சிலிண்டர் கம்ப்ரஷன் (உள்ள நிக்கிற அமுக்கம்) ரீடிங்கும் இருந்தா பாதிக் கேள்வி அதோட நிக்கும்.

இக்மன் விளம்பரத் தளத்துல போட்ட உடன "ப்ரோ லாஸ்ட் பிரைஸ்" எண்டு வாற மெசேஜுக்கெல்லாம் விலை சொல்லாதீங்க, "வந்து பாருங்க அண்ணே, பேசலாம்" போதும். ஆள் வரும்வரைக்கும் இஞ்ஜினச் சூடாக்காதீங்க, குளிர்ல ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க. டெஸ்ட் ட்ரைவ் முதல் சுத்து நீங்கதான் ஓட்டணும், டவுனுக்குள்ள மானும் மாடும் குறுக்க வரும், கொழும்புக்காரனுக்கு அது தெரியாது. பிறகு அவன்ட லைசன்ஸப் பாத்துட்டு சாவியக் குடுத்து பக்கத்துல இருங்க.

காசு கிழமை நாள்ல, பேங்க்குக்குள்ள நிண்டு, உங்கட எக்கவுண்ட்ல விழுந்தத கவுண்டர்ல கேட்டுட்டுத்தான் சாவி. சனி ஞாயிறு செக் வேண்டவே வேண்டாம். ஓபன் பேப்பர்ல, அதாவது வாங்கிறவன்ட பேர் எழுதாம சைன் வச்சுக் குடுத்து, விக்கவும் வேண்டாம், பேர் மாறும்வரைக்கும் அவன் எங்கயாவது ஆள அடிச்சாலும் பொலிஸ் தேடி வாறது உங்கட வீட்டுக்குத்தான். ட்ரான்ஸ்பர் போர்ம்ல வாங்கிறவன்ட பேர எழுதி ரெண்டு பேரும் சைன் பண்ணி ஐடி கொப்பி எடுங்க, கார் கைமாறின திகதியோட மணியையும் தனிக் கடிதத்துல போடுங்க. அண்டைக்கே இன்சூரன்ஸுக்கு கோல் அடிச்சு நிப்பாட்டச் சொல்லுங்க, மிச்ச மாசக் காசு திரும்ப வருமா எண்டும் கேளுங்க.