காலம் முழமா, சரமா? புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிறு மாலைகளில் இயற்பியல் முதுகலை மாணவர்கள் சிலர் கூடுவது வழக்கம். காலம் இடையறாது ஓடுகிறதா, பகுக்க முடியாத கூறுகளால் ஆனதா என்ற பேச்சு சென்ற வாரம் எழுந்தபோது, மாணவனாக நான் வழுக்கி விழுந்த அதே படியில் அவர்களும் கால் வைத்தார்கள். சில்லறைப் பிழைகளை விட்டுவிடுகிறேன்.

அளவுகோலின் கூறைக் காலத்தின் கூறாகக் கொள்வது

நாழிகை என்பது 24 நிமிடம். இன்றைய விநாடியோ சீசியம்-133 அணுவின் குறிப்பிட்ட கதிர்வீச்சு 9,192,631,770 முறை அலைவுறும் நேரம். அலகு நுணுகியிருக்கிறது, அவ்வளவே. முழம் போட்டு விற்பதால் பூச்சரம் முழத்துக்கு முழம் அறுந்து கிடப்பதில்லை. (சரத்தில் பூக்கள் தனித்தனிதானே என்று கேட்கலாம், உண்மைதான், ஆனால் அதை முழக்கை சொல்லாது.)

பிளாங்க் நேரமே காலத்தின் கடைசித் துண்டு என்று நம்புவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். ஒளியின் வேகம், ஈர்ப்பு மாறிலி, இன்று தம் பெயரால் வழங்கும் மாறிலி ஆகியவற்றைக் கொண்டு இயற்கை அலகுகளை அமைக்கலாம் என்று ஜெர்மன் இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் 1899-இல் காட்டினார். அவற்றுள் நேரத்தின் அலகு, இன்றைய வழக்கில், ஏறத்தாழ 5.39 × 10⁻⁴⁴ விநாடி. அதைக் காலத்தின் அணு என்றே எடுத்துக்கொண்டு, முதுகலை ஆய்வேடு முழுவதையும் அதன்மேல் கட்டினேன். வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கோபப்படவில்லை. சாக்பீஸை என் கையில் கொடுத்து, “இதே முறையில் பிளாங்க் நிறையைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள், தம்பி” என்றார். கரும்பலகையில் சுமார் 22 மைக்ரோகிராம் என்று விடை வந்தது. “அப்படியானால் இதைவிடச் சிறிய நிறையே உலகில் இல்லையோ?” புரோட்டான் அதைவிட ஏறத்தாழ 10¹⁹ மடங்கு இலேசானது என்பது எனக்குத் தெரியாததன்று, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆய்வேட்டைத் திருத்தி எழுத ஆறு மாதம் போயிற்று. உடன் படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள்.

அந்த எண் உணர்த்துவது வேறு. அவ்வளவு குறுகிய இடைவெளியில் ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் தனித்தனியே வைத்துக்கொண்டு கணக்குப் போட முடியாது என்று எதிர்பார்க்கிறோம். சோதனையோ இன்னும் வெகு தொலைவில் நிற்கிறது: ஒளி ஒரு ஹைட்ரஜன் மூலக்கூற்றைக் கடக்கும் நேரத்தை 247 செப்டோவிநாடி (ஒரு செப்டோவிநாடி 10⁻²¹ விநாடி) என்று பிராங்பர்ட் ஆய்வாளர்கள் 2020-இல் அளந்து அறிவித்தார்கள், அதுவே பிளாங்க் நேரத்தைப் போல் 4 × 10²⁴ மடங்குக்கும் மேல். சென்ற வாரம் ஒரு மாணவர் காலத்தைத் திரைப்படச் சுருள் என்றபோது, சாக்பீஸை எடுத்து நானும் அவர் கையில் கொடுத்தேன்.

குவாண்டம் என்றாலே எல்லாம் துண்டு என்பது

ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் படிகள் தனித்தனியானவை. அவற்றைத் தரும், குவாண்டம் இயற்பியலின் அடிப்படையான ஷ்ரோடிங்கர் சமன்பாட்டிலேயே காலம் தொடர்ச்சியான மாறிதான்.

ஜீனோவைத் துணைக்கு அழைப்பது

பாதி தூரம், மீதியில் பாதி என்று முடிவின்றிக் கடக்க வேண்டியிருப்பதால் இலக்கை அடையவே முடியாது என்பது கிரேக்கத் தத்துவவாதி ஜீனோவின் புதிர். ஆகவே காலம் துண்டுகளாகத்தான் இருக்க வேண்டும் என்று வாதிட வேண்டாம், ½ + ¼ + ⅛ என்று முடிவின்றிக் கூட்டினாலும் தொகை 1.

தொடர்ச்சியானது என்பது நிரூபணமாகிவிட்டது என்பது

எதிர்ப்பக்கத்துப் பிழை. 2009-இல் பெர்மி விண்தொலைநோக்கி பதிவுசெய்த ஒரு காமாக் கதிர் வெடிப்பில், பல நூறு கோடி ஒளியாண்டுகள் கடந்து வந்த உயர் ஆற்றல் ஒளித்துகள், வெளியும் காலமும் சொரசொரப்பானவை, ஆகவே ஆற்றல் மிகுந்த ஒளி பிந்தி வரும் என்ற சில மாதிரிகள் சொன்ன அளவுக்குத் தாமதிக்கவில்லை. அந்த மாதிரிகள் அடிபட்டன. ஆற்றலைப் பொறுத்து ஒளியின் வேகம் மாறும் என்று சொல்லாத மாதிரிகளை அந்த அளவீடு தொடவே இல்லை.