பழைய லயனல் ரயிலுக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவது?

நியூ ஜெர்சியில் ஒரு கராஜ் சேலில் கிடைத்தது: அமெரிக்கப் பொம்மை ரயில் கம்பெனியான லயனலின் 2037 என்ற, கரண்டில் ஓடும் நீராவி என்ஜின் பொம்மை, விசில் வைத்த கரிவண்டி, மூன்று சரக்குப் பெட்டிகள், ஒரு வட்டத்துக்குத் தண்டவாளம். 1950-களின் சரக்கு. அந்தக் காலத்தில் லயனல் தொழிற்சாலை இதே மாநிலத்தில், ஹில்சைடில்தான் இருந்தது. இவற்றோடு வராதது, வீட்டுக் கரண்டின் வோல்ட்டைக் குறைத்துத் தரும் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும். தண்டவாளத்தைத் துடைப்பது, பூட்டுவது எல்லாம் கையில் எடுத்தாலே வந்துவிடும். நேரே கரண்ட் விஷயத்துக்குப் போகலாம்.

படி 1: ஏசியா, டிசியா?

நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். வீட்டில் சும்மா கிடந்த 12 வோல்ட் டிசி அடாப்டரை எடுத்து (லயனல் பாதையில் மூன்று தண்டவாளங்கள்) ஒரு வயரை நடுத் தண்டவாளத்திலும் இன்னொன்றை ஓரத் தண்டவாளத்திலும் கொடுத்தேன். வண்டி கிளம்பியது. கூடவே விசிலும் கிளம்பியது, நிற்கவே இல்லை. கரிவண்டியைப் பிரித்துப் போட்டு அரை மணி நேரம் கோளாறு தேடினேன். விசிலில் ஒரு குறையும் இல்லை, கோளாறு நான் கொடுத்த கரண்டில்.

இந்த என்ஜின்களின் மோட்டாரில் நிரந்தரக் காந்தம் கிடையாது, காந்தத்தின் இடத்திலும் கம்பிச்சுருள்தான். அதனால் ஏசி, டிசி எதிலும் சுற்றும். விசிலுக்கோ கரிவண்டிக்குள் ஒரு ரிலே, அதாவது மின்காந்த சுவிட்ச், இருக்கிறது. ஏசி வந்தால் அது அசையாது, டிசி வந்தால் இழுத்துக்கொள்ளும். டிரான்ஸ்ஃபார்மரில் விசில் நெம்புகோலை அழுத்தும்போது ஓடுகிற ஏசியோடு கொஞ்சம் டிசி கலக்கிறது. ரிலே இழுக்கிறது, குட்டி மோட்டார் ஒன்று விசிறியைச் சுற்றிக் காற்றை ஊதுகிறது. முழுக்க டிசி கொடுத்தால், விசில் நெம்புகோலை அழுத்திக்கொண்டே இருப்பதற்குச் சமம். எவ்வளவு அழகாக யோசித்திருக்கிறார்கள்! தனி வயர் இல்லை, அதே தண்டவாளம்.

திசை மாற்றுவதும் இப்படித்தான். வயரை மாற்றிக் கொடுத்தால் பின்னால் போகாது. கரண்டை ஒரு கணம் நிறுத்தித் திரும்பக் கொடுக்க வேண்டும்: முன்னால், நிற்பது, பின்னால், நிற்பது என்று சுழற்சியாக மாறும். கரண்ட் கொடுத்தும் ‘ம்ம்ம்’ என்று முனகியபடி நின்றால் பயப்படாதீர்கள், இன்னொரு முறை நிறுத்திக் கொடுங்கள்.

ஆக, 1950-களின் என்ஜினுக்கு 16-18 வோல்ட் வரை ஏற்றி இறக்கக்கூடிய ஏசி வேண்டும். ஒரே எச்சரிக்கை: 1970, 80-களில் லயனல் சில மலிவு செட்டுகளை டிசிக்கு மட்டும் செய்தது. அவற்றுக்கு ஏசி கொடுத்தால் மோட்டார் கருகிவிடும்.

*(பின்சேர்க்கை: ‘குண்டூசி ஒட்டினால் டிசி மோட்டார்’ என்று முதலில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் தன் ஏசி என்ஜினின் சக்கரத்திலும் ஊசி ஒட்டுகிறது என்றார். உண்மைதான். வழுக்காமல் இருக்க 1950 முதல் பல என்ஜின்களில் சக்கரத்தையே காந்தமாக்கிவிட்டார்கள். ஊசிச் சோதனையை விடுங்கள், நம்பரை வைத்து மாடலைத் தேடிப் பாருங்கள்.)*

படி 2: எத்தனை வாட்?

ஒரு என்ஜின், விசில், நாலைந்து பெட்டிகளுக்கு லயனல் 1033 டிரான்ஸ்ஃபார்மர் போதும். 90 வாட். பெரிய ஆசை இருந்தால் 190 வாட் கேடபிள்யூ (KW) மாடல் இருக்கிறது. முதல் செட்டுக்கே 275 வாட் இசட்டபிள்யூ (ZW) வாங்குவது, தோசைக்கல்லுக்குப் பதில் கல்யாணச் சமையல் அடுப்பை வாங்குவதுபோல. புதிய சிடபிள்யூ-80 (CW-80) கெட்டதல்ல, ஆனால் அது ஏசி அலையை நறுக்கித் தருவதால் வோல்ட் அளக்கும் மலிவான மல்டிமீட்டர் தப்பாகக் காட்டி ஏமாற்றும். என் ஓட்டு பழைய 1033-க்கே.

படி 3: பழையதை அப்படியே சொருகாதீர்கள்

மின்கம்பியை மெதுவாக வளைத்துப் பாருங்கள். ரப்பர் வெடித்தாலோ உதிர்ந்தாலோ கம்பியை மாற்றும் வரை பிளக்கில் சொருகவே கூடாது. பழக்கமில்லாதவர்கள் இந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். அப்புறம் மல்டிமீட்டரை ஏசியில் வைத்து டிரான்ஸ்ஃபார்மரின் ஏ, யூ (A, U) முனைகளில் அளந்தால், வேக நெம்புகோலைத் திருப்பத் திருப்ப ஏறக்குறைய 5-லிருந்து 16 வோல்ட் வரை ஏற வேண்டும்.

உள்ளே இருக்கும் பழைய பிரேக்கர் (கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) நிதானமாகத்தான் விழும். பெட்டி தடம்புரண்டு ஷார்ட் ஆனால் அதற்குள் வயர் சூடாகிவிடும். நான் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றை வழியில் போட்டிருக்கிறேன்.

படி 4: இணைப்பு

ஏ, யூ முனைகளில் ஒன்று நடுத் தண்டவாளத்துக்கு, மற்றது ஓரத்துக்கு. ஏசி என்பதால் மாறிப்போனாலும் ஓடும்.

*(பின்சேர்க்கை 2: ‘சென்னைக்கு எடுத்துப் போகலாமா?’ என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். 1033-இன் மேலேயே 115 வோல்ட், 60 சைக்கிள் (ஹெர்ட்ஸ்) என்று போட்டிருக்கும். 230 வோல்ட்டில் நேரே சொருகினால் அத்தோடு சரி. இரும்புக் கோர் வைத்த, கனமான ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். ஹேர் டிரையருக்கு விற்கிற லேசான கன்வெர்ட்டர் உதவாது. அங்கே 50 சைக்கிள் என்பதால் 1033 வழக்கத்தைவிடச் சூடாகும். அடிக்கடி தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியவில்லை என்றால் பிளக்கைப் பிடுங்கி ஆறவிடுங்கள்.)*