‘செகண்ட் ஹாஃப் லேக்’ என்று எழுதுவதற்கு முன்

படம் முடிந்து லிஃப்டுக்குக் காத்திருக்கும் இரண்டு நிமிடத்திலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது: “ஃபர்ஸ்ட் ஹாஃப் சூப்பர், செகண்ட் ஹாஃப் லேக்.” அதாவது இரண்டாம் பாதி இழுவை. பல நேரம் அந்தத் தீர்ப்பு சரியாகவே இருக்கும். ஆனால் படிக்கிறவருக்கு அதில் எடுத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. எந்த இடத்தில் அலுப்பு தட்டியது, அதற்குக் கொஞ்ச நேரம் முன்பு திரையில் என்ன நடந்தது, குறை படத்திலா, தியேட்டரிலா, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்த தூக்கத்திலா என்று பிரித்துச் சொன்னால்தான் அது உங்கள் அனுபவமாகிறது. அப்படிப் பிரித்து விமர்சனம் எழுதும் வழிதான் இது. வேண்டியவை உள்ளங்கை அளவு நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, கையில் முள் கடிகாரம்.

காட்சியைத் தேர்ந்தெடுப்பது

எந்தக் காட்சிக்குப் போகிறீர்கள் என்பது எழுத்தை மாற்றும். பெரிய நடிகரின் படத்தை முதல் நாள் முதல் காட்சியில் சென்னையின் ரோகிணி, காசி, வெற்றி மாதிரித் தியேட்டரில் பார்ப்பது ஒரு திருவிழா. அதைத் திருவிழாவாகவே எழுதலாம், அதில் தப்பில்லை. ஆனால் விசிலிலும் கைதட்டலிலும் முதல் அரை மணி நேர வசனத்தில் பாதி காதில் விழாது. விழாத வசனத்தை வைத்து “கதை புரியவில்லை” என்று எழுதுவது அநியாயம். படத்தை எடைபோட வேண்டுமானால் செவ்வாய், புதன் மாலைக் காட்சி நல்லது. கூட்டம் பாதி இருக்கும். சிரிப்பு வர வேண்டிய இடத்தில் வருகிறதா என்று தெரியும். ஏழெட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருக்கும் காலைக் காட்சி நகைச்சுவைப் படத்துக்கு ஆகாது. பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லாவிட்டால் நல்ல ஜோக்கும் தரையில் விழும்.

இருக்கை: திரையிலிருந்து பின்சுவர் வரையுள்ள தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கு பின்னால், வரிசையின் நடுவில். ஓரத்தில் உட்கார்ந்தால் பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதில் அறையும். பால்கனி உள்ள பழைய தியேட்டரில் கீழ்த்தளத்தின் கடைசி வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். தலைக்கு மேல் பால்கனி மறைப்பதால் ஒலி அடைத்தாற்போல் கேட்கும்.

விளம்பரம் ஓடும்போதே சோதனையை முடித்துவிடுங்கள்

படத்துக்கு முன் ஓடும் நகைக்கடை விளம்பரமும் டிரெய்லரும் வீண் நேரமல்ல, அவைதான் தியேட்டரைச் சோதிக்கும் கருவி. விளம்பரத்தில் பேசுகிறவரின் குரல் தெளிவாக இருக்கிறதா? திரையின் நான்கு மூலைகளும் நடுப்பகுதி அளவுக்கு வெளிச்சமாக இருக்கின்றனவா? எழுத்துகள் கூர்மையாகத் தெரிகின்றனவா? மூன்றுக்கும் ஒவ்வொரு சொல் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு படத்தில் வசனம் மங்கினால், விளம்பரத்தில் தெளிவாக இருந்ததா என்று நோட்டைப் பார்க்கலாம். அங்கேயும் மங்கலென்றால் குறை தியேட்டருடையது.

இதற்குப் பின்னால் இருக்கும் விவரம் தெரிந்தால் நிறைய தவறான குற்றச்சாட்டு தவிரும். தியேட்டரின் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் சவுண்ட் பிராசசரில் 7 என்ற எண்தான், படத்தின் வசனத்தையும் இசையையும் கலந்தவர்கள் (மிக்ஸிங் செய்தவர்கள்) வேலை செய்தபோது வைத்திருந்த அளவு. “காது கிழிகிறது” என்று பார்வையாளர்கள் புகார் சொன்னால் ஆபரேட்டர் அதை 5 வரை இறக்கிவிடுவதுண்டு. அப்போது சண்டைக்காட்சி இதமாக இருக்கும்; மெல்லிய குரலில் பேசும் காட்சி அடியில் போய்விடும். படம் இருட்டாக இருப்பதும் அப்படித்தான். 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது நியதி. 3டி கண்ணாடி வழியாக வழக்கமாக அதில் மூன்றில் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேரும். எனவே 3டியில் பார்த்துவிட்டு ஒளிப்பதிவாளரைத் திட்டாதீர்கள். சில திரைகளில் அகலமான படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுவதும் திரையின் வடிவத்தால்தான்.

இருட்டில் குறிப்பெடுப்பது

செல்போனில் குறிப்பெடுக்காதீர்கள். அந்த வெளிச்சம் பின்வரிசை முழுவதையும் கெடுக்கும். உங்கள் கண்ணும் மறுபடி இருட்டுக்குப் பழக நேரமாகும். செல்போனைத் திரைப்பக்கம் நீட்டினால் சட்டச் சிக்கலும் வரும். 2023 ஒளிப்பதிவுத் திருத்தச் சட்டப்படி தியேட்டரில் படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்தால் குறைந்தது மூன்று மாதம், அதிகபட்சம் மூன்று ஆண்டு சிறை. அபராதம் குறைந்தது மூன்று லட்சம் ரூபாய். ஸ்டேட்டஸில் போட அறிமுகக் காட்சியைப் பத்து விநாடி எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பட்டன் பேனா ‘டிக் டிக்’ என்று சத்தம் போடும். மை தீர்ந்தாலும் இருட்டில் தெரியாது. அதனால்தான் பென்சில். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு குறிப்புக்கு மேல் வேண்டாம், பெரிய எழுத்தாக, நோட்டைப் பார்க்காமலே எழுதுங்கள். அடுத்த குறிப்புக்கு இடது கட்டைவிரலைக் கடைசி வரியின் கீழ் வைத்துக்கொண்டால் வரிமேல் வரி ஏறாது.

தணிக்கைச் சான்றிதழ் திரையில் வந்த மணியை முதல் வரியில் எழுதுங்கள். படத்தின் மொத்த நிமிடமும் அதிலேயே இருக்கும், அதையும் குறியுங்கள். பிறகு ‘இடைவேளை’ என்று விழுந்த மணி, இடைவேளைக்குப் பின் படம் மறுபடி தொடங்கிய மணி. இந்த மூன்றும் இருந்தால் எந்தக் குறிப்பும் படத்தின் எத்தனையாவது நிமிடம் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடலாம். புகையிலை எச்சரிக்கை விளம்பரம் இடைவேளைக்குப் பிறகும் வரும், அதைக் கழிக்க மறக்காதீர்கள்.

முழு வாக்கியம் எழுதினால் அடுத்த காட்சி போய்விடும். ஒற்றை எழுத்து போதும்: சிரித்தால் ‘சி’, கண் கலங்கினால் ‘க’, புரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி, தொய்ந்தால் ‘தொ’. மிக முக்கியமானது ‘ம’, அதாவது மணி பார்த்தேன். தானாகக் கடிகாரத்தின் மேல் கண் போகிற அந்தக் கணத்தை எந்த விமர்சகராலும் மறுக்க முடியாது. அரங்கம் சிரித்து நீங்கள் சிரிக்காவிட்டால் ‘சி’யைச் சுற்றி ஒரு வட்டம். எழுதும்போது நல்ல பத்திகள் பிறப்பது இந்த வட்டங்களிலிருந்துதான்.

இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நிற்கும்போது ஒரே ஒரு வரி எழுதுங்கள்: கதையின் முக்கிய ஆளுக்கு இப்போது என்ன வேண்டும், அதைத் தடுப்பது யார்? அந்த வரியை எழுத முடிகிறதா என்பதே பாதி விமர்சனம்.

தொய்வின் காரணத்தைத் தேடுவது

இப்போது தலைப்புக்கு வருவோம். ‘ம’ என்று குறித்த நிமிடத்திலிருந்து பத்து நிமிடம் பின்னால் போங்கள். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அலுப்பு உணரப்படும் இடமும் அது பிறந்த இடமும் ஒன்றல்ல.

நம் படங்களில் திரும்பத் திரும்ப வரும் காரணங்கள் சில உண்டு. முதலாவது, இடைவேளைத் திருப்பத்திலேயே கதையின் பெரிய கேள்விக்குப் பதில் கிடைத்துவிடுவது. கொலைகாரன் யாரென்று தெரிந்த பிறகு துரத்தல் மட்டும் மிச்சமென்றால், எவ்வளவு வேகமாகத் துரத்தினாலும் மெதுவாகத்தான் தெரியும். இடைவேளையில் எழுதிய வரியை எடுத்துப் பாருங்கள். இரண்டாம் பாதியில் அந்த ஆசை மாறாமல், தடை மட்டும் பெரிதானதா, அல்லது அந்த ஆசையே காணாமல் போனதா என்று தெரிந்துவிடும். இரண்டாவது, இடைவேளைக்குப் பின் நீளமான ஃபிளாஷ்பேக். அது நமக்கு ஏற்கெனவே தெரிந்ததைத்தான் சொல்கிறதென்றால் படம் நின்றுபோகிறது. இதுவரை பார்த்த காட்சிகளுக்கு வேறு அர்த்தம் கொடுக்கிறதென்றால் இருபது நிமிடமானாலும் ஓடும். மூன்றாவது, ஒரே செய்தி இரண்டு முறை: கதாநாயகி கண்ணால் சொன்னதை அடுத்த காட்சியில் நண்பன் வாயால் சொல்வது. நான்காவது, வில்லன் தாமதமாக வந்து, வந்த வேகத்தில் தன் வரலாற்றை உட்கார்ந்து சொல்வது.

இவற்றில் எதுவென்று கண்டுபிடித்தபின் “செகண்ட் ஹாஃப் லேக்” என்ற வரி தானாக இப்படி மாறும்: “இடைவேளையிலேயே தம்பிதான் காட்டிக்கொடுத்தவன் என்று தெரிந்துவிடுகிறது. அண்ணனுக்கு அது தெரிய இன்னும் நாற்பது நிமிடமாகிறது. அந்த நாற்பது நிமிடமும் அவனுக்காகக் காத்திருப்பதைத் தவிர நமக்கு வேலை இல்லை.” படிக்கிறவர் இதோடு சண்டை போடலாம், ஒத்துப்போகலாம். இரண்டுக்கும் இதில் இடம் இருக்கிறது.

“எடிட்டர் இன்னும் கத்திரி போட்டிருக்கலாம்” என்று இதற்குப் பதிலாக எழுதுவது நம் பழைய பழக்கம். ஒரு செய்தி இரண்டு காட்சியில் வந்தால் அது திரைக்கதையின் பிரச்சினை. ஒரே காட்சிக்குள், சொல்ல வேண்டியது முடிந்த பிறகும் கேமரா முகத்திலேயே நின்றுகொண்டிருந்தால் அது எடிட்டிங் பற்றிய பேச்சு, அதிலும் முடிவு இயக்குநருடையதாக இருக்கலாம். வெளியிலிருந்து நமக்குத் தெரிவது விளைவுதான். ஆகவே ஆளைச் சொல்லாமல் காட்சியைச் சொல்வது பாதுகாப்பு.

குரல் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். ஒரு நடிகையின் குரல் ஒட்டவில்லை என்று தோன்றினால் ‘ம’, ‘ப’ வரும் சொற்களில் உதட்டைக் கவனியுங்கள். இரண்டு எழுத்துக்கும் உதடு மூடியாக வேண்டும். ‘அம்மா’ என்று காதில் விழும்போது உதடு திறந்தே இருந்தால் அந்த வசனம் பிறகு மாற்றப்பட்டிருக்கலாம், அல்லது அந்தக் காட்சி வேறு மொழியில் எடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது நடிப்பைப் பற்றி எழுதும்போது உடலையும் முகத்தையும் தனியாக, குரலைத் தனியாக எழுதுங்கள். இரண்டும் இரண்டு பேருடைய உழைப்பாக இருக்கக்கூடும். அதேபோல் நம் ஊரில் ‘ரீரெக்கார்டிங்’ என்றால் பின்னணி இசை. வசனமும் இசையும் எந்த அளவில் கலந்தன என்பது மிக்ஸிங். இசை வசனத்தை மூழ்கடித்தால் இசையமைப்பாளர் தலையில் கட்டிவிடாதீர்கள்.

எழுதுவது

வெளியே வந்ததும் அரை மணி நேரம் யாரிடமும் படத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடிந்தால் நல்லது. கூட வந்தவர் முதலில் சொல்லும் வார்த்தை உங்கள் மனதில் ஒட்டிக்கொள்ளும். வடபழனியில் பார்த்துவிட்டு மெட்ரோ ஏறினால் ஆலந்தூர் வருவதற்குள் பத்து வரி எழுதிவிடலாம். மற்றவர்கள் எழுதியதை உங்கள் முதல் பிரதி முடியும்வரை படிக்க வேண்டாம். அன்றிரவே கிறுக்கலாக எழுதி, மறுநாள் காலையில் சரிசெய்யுங்கள். மூன்று நாள் விட்டால் நினைவில் டிரெய்லர்தான் மிஞ்சும்.

நானூறு முதல் அறுநூறு சொல் போதும். கதைச் சுருக்கம் மூன்று வாக்கியத்தைத் தாண்ட வேண்டாம். முதல் அரை மணி நேரத்தில் தெரிவதோடு நிறுத்துங்கள். அதற்கு மேல் சொல்லாமல் முடியாதென்றால், “இதற்குக் கீழே இரண்டாம் பாதி விவரங்கள் உள்ளன” என்று தனி வரி போட்டுவிட்டுத் தொடருங்கள். தொடக்கத்தில் கதையை வைக்காமல், நோட்டில் அழுத்தமாகப் பதிந்த ஒரு குறிப்பை வையுங்கள். ‘க’ என்று குறித்த இடம் இருந்தால் அதுவே முதல் பத்தி: திரையில் என்ன தெரிந்தது, என்ன கேட்டது, எது நின்றுபோனது.

‘மாஸ்’, ‘மொக்கை’, ‘கிரிஞ்ச்’ போன்ற சொற்களைத் தவிர்க்க வேண்டியதில்லை, அவை நம் தியேட்டர் மொழி. ஆனால் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் ஒரு வாக்கியம் வர வேண்டும். வராவிட்டால் அந்தச் சொல்லை எடுத்துவிடுங்கள். நடிகர்களின் நிறம், எடை, வயது, சாதி பற்றிய வரி எதுவாக இருந்தாலும் நீக்குங்கள். வசூல் எவ்வளவு என்பது உங்கள் அனுபவத்துக்குச் சாட்சியாகாது.

மதிப்பெண் விஷயத்தில் கொஞ்சம் யோசியுங்கள். ஆனந்த விகடன் நூற்றுக்கு மதிப்பெண் போட்ட காலத்தில் 1977இல் வந்த ‘16 வயதினிலே’ 62.5 பெற்றதை இன்றும் பேசுகிறார்கள். அந்த எண்ணுக்கு எடை வந்ததற்குக் காரணம், அதே அளவுகோலால் அளக்கப்பட்ட மற்ற படங்கள் பக்கத்தில் இருந்தன. ஐந்தாறு படம் எழுதியவர் ஐந்துக்கு 3.25 போடுவதில் அப்படி ஒப்பிட எதுவும் இல்லை. அதற்குப் பதிலாக யாரை அழைத்துப் போகலாம் என்று சொல்லுங்கள்: “பாட்டியோடு போகலாம், பத்து வயதுப் பிள்ளையோடு வேண்டாம், கிணற்றுக் காட்சி கடுமை.” 2023 திருத்தத்துக்குப் பிறகு யு/ஏ சான்றிதழ் 7+, 13+, 16+ என்று பிரிந்திருப்பதால் எது என்பதையும் ஒரு சொல்லில் சேர்த்துவிடலாம். பெற்றோர் முதலில் தேடுவது அதைத்தான்.

டிசம்பரில் சென்னை சர்வதேசத் திரைப்பட விழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்த முறை முழுதாக ஒத்துவராது. ஒரே நாளில் நான்கு படம் பார்த்தால் மாலைக்குள் முகங்கள் கலந்துவிடும். ஒவ்வொரு படமும் முடிந்து விளக்கு வந்ததும், எழுந்திருப்பதற்கு முன் ஐந்து வரி. தேநீர் அதற்குப் பிறகு. சப்டைட்டில் படிப்பதில் கண் கீழேயே இருந்திருக்கும் என்பதால், நடிப்பைப் பற்றிய தீர்ப்பை அடக்கிச் சொல்லுங்கள்.

வெளியிடுவதற்கு முன் பெயர்களைச் சரிபாருங்கள். முடிவு டைட்டில் ஓடும்போது கதவைத் திறந்து விளக்கைப் போட்டுவிடுவார்கள். ஆகவே லாபியில் இருக்கும் போஸ்டரைப் படம் எடுத்துக்கொண்டால் இனிஷியல் வரை சரியாகக் கிடைக்கும். நடுவில் தூங்கியிருந்தால் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். இடைவேளையில் கிளம்பியிருந்தால் முதல் பாதியைப் பற்றி மட்டும் எழுதுங்கள். கடைசி வரியில் தியேட்டர், தேதி, காட்சி நேரம், 2டியா 3டியா. பிறகு யாராவது பிழையைச் சுட்டினால் பழைய வரியை அழிக்காமல், கீழே தேதி போட்டுத் திருத்தத்தைச் சேருங்கள்.