வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கும் மாணவர்களை எப்படிக் கையாள்வது

கல்லூரியில் பாடம் நடத்துகிற பலர் இந்தப் பிரச்சினையை ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்: "வளர்ந்த பிள்ளைகள், கேட்கிறவன் கேட்கட்டும், பேசுகிறவன் பேசட்டும், நான் என் வேலையைப் பார்க்கிறேன்." இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பேசுகிற இருவர் தங்கள் படிப்பை மட்டும் கெடுத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு என்று விட்டுவிடலாம். ஆனால் அவர்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுக்க முயல்கிற பெண்ணின் காதில் உங்கள் குரலோடு அந்தப் பேச்சும் சேர்ந்தே விழுகிறது. மின்விசிறிச் சத்தம், ஏசி இரைச்சல் மாதிரி ஒரே சீரான ஒலி என்றால் மனம் கொஞ்ச நேரத்தில் அதை ஒதுக்கிவிடும். அர்த்தம் புரிகிற பேச்சை அப்படி ஒதுக்குவது கடினம், வேண்டாம் என்று நினைத்தாலும் கவனம் அதன் பின்னால் போகும். அவள் திரும்பிப் பார்த்து "பேசாதீங்க" என்று சொல்லவும் தயங்குவாள், படிப்பு முடிகிற வரை அவர்களோடுதானே உட்கார வேண்டும். அவளுக்காக அதைச் சொல்ல வேண்டிய ஆள் நீங்கள்தான். உங்கள் மரியாதை, உங்கள் கோபம் எல்லாம் இரண்டாம் பட்சம். கேட்க வந்தவர்களுக்குக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் குறிக்கோள்.

முதலில், குரலை உயர்த்தாதீர்கள்

சத்தம் வந்ததும் நாமும் சத்தமாகப் பேச ஆரம்பிப்பது நம்மை அறியாமல் நடப்பது. சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தானாகவே குரலை உயர்த்துவதை எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-ல் பதிவு செய்தார், இன்றும் அதை லொம்பார் விளைவு என்றுதான் சொல்கிறார்கள். இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை, பின்வரிசையில் பேசுகிறவர்களுக்கும் இதேதான்: நீங்கள் கத்தினால், ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்பதற்காக அவர்களும் கத்துவார்கள். நாள் முடிவில் தொண்டை கட்டுவது உங்களுக்குத்தான்.

அதற்குப் பதிலாக நிறுத்துங்கள். வாக்கியம் முடிந்த பிறகு நிறுத்தினால் யாருக்கும் தெரியாது, வாக்கியத்தின் நடுவில், ஒரு சொல்லில் நிறுத்த வேண்டும். மூன்று நான்கு நொடி போதும். வகுப்பு திடீரென்று அமைதியானதும் பேசுகிறவர்களின் குரல் அவர்களுக்கே கேட்கும், நிறுத்திவிடுவார்கள். முறைக்க வேண்டாம், சும்மா அந்தப் பக்கம் பாருங்கள். அப்புறம் விட்ட சொல்லிலிருந்தே பாடத்தைத் தொடருங்கள். பலர் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான்: அமைதி கிடைத்ததும் பத்து நிமிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். பேசிய இருவர் திருடியது அரை நிமிடம், நீங்கள் எடுத்துக்கொண்டது பத்து நிமிடம், கேட்க வந்தவர்களுக்கு இரண்டுமே நஷ்டம். ஒரு வகுப்பில் இதை இரண்டு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், பழகிப்போனால் வேலை செய்யாது.

நிறுத்தியும் அடங்கவில்லை என்றால் நடங்கள். பாடத்தை விடாமல் சொல்லிக்கொண்டே அந்த வரிசைப் பக்கம் போய் நின்று, அவர்களைப் பார்க்காமல், மற்றவர்களைப் பார்த்து இரண்டு மூன்று நிமிடம் நடத்துங்கள். பெரிய ஹாலில் மேடையில் பொருத்திய மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றால் இது நடக்காது, சட்டையில் மாட்டும் மைக் கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, சலசலப்பு கிளம்புவது பெரும்பாலும் நீங்கள் முதுகைக் காட்டும்போதுதான். போர்டில் ஐந்து நிமிடம் தொடர்ந்து எழுதினால் பின்னால் பேச்சு தொடங்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். சூத்திரத்தைப் படிப்படியாக வருவிக்கும் நீளமான கணக்கோ பெரிய படமோ இருந்தால் முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்துவிட்டு, போர்டில் இரண்டு வரிக்கு ஒருமுறை திரும்பிப் பேசுங்கள்.

யார், எதைப் பேசுகிறார்கள்

எல்லாப் பேச்சும் ஒரே ரகம் கிடையாது, இதைப் பிரித்துப் பார்க்காமல் எல்லோரையும் ஒரே மாதிரி அதட்டுவதில்தான் முக்கால்வாசிக் குழப்பம் வருகிறது. ஒருவன் பக்கத்தில் இருப்பவனுக்குப் பாடத்தையே விளக்கிக்கொண்டிருப்பான். பாடம் நடத்தப்படும் மொழி பழகாத பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இது தினமும் நடக்கும். அதைக் கண்டித்தால் இருவருமே படிப்பை விட்டு விலகுவார்கள். "அங்கே ஏதோ சந்தேகம் ஓடுது போல, சொல்லுங்க, மத்தவங்களுக்கும் இருக்கும்" என்று மனசாரக் கேளுங்கள், குத்தலாகக் கேட்காதீர்கள், தொனியிலேயே தெரிந்துவிடும். வேறு சிலர் ஏற்கெனவே தெரிந்த பாடம் என்பதால் சலித்துப்போய்ப் பேசுவார்கள். இன்னும் சிலர் மூன்று வாரத்துக்கு முன்பே பாடத்தைத் தவறவிட்டு, இனி புரியப்போவதில்லை என்று முடிவு செய்து பேசுகிறவர்கள். என்னைக் கேட்டால், அதிகம் கவலைப்பட வேண்டியது இவர்களைப் பற்றித்தான். இவர்களை எத்தனை தடவை அதட்டினாலும் பயனில்லை, விட்ட பாடத்தைப் பிடிக்க ஒரு வழி காட்டினால்தான் பேச்சு நிற்கும். சும்மா கதையடிக்கிறவர்களும் உண்டு, அவர்களுக்கு மேலே சொன்ன நிறுத்தமும் நடையும் போதும்.

பேசுகிறவனை எழுப்பி "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்கும் பழைய வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அவன் சரியாகச் சொல்லிவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? சொல்ல முடியாமல் நின்றால் நூறு பேர் முன்னால் அவமானம், அந்தக் கசப்பு அந்தப் பருவம் முழுவதும் போகாது. இதைவிட மோசமான விளைவு ஒன்று உண்டு: கேள்வி என்பதே தண்டனை என்று வகுப்பு முழுவதும் கற்றுக்கொள்ளும், பிறகு நீங்கள் உண்மையாகவே பதில் எதிர்பார்த்துக் கேட்டாலும் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

ஒருவரைக் கண்டிப்பது மற்றவர்களையும் தொடும் என்பதற்கு நல்ல உதாரணம் அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின். கல்லூரி வகுப்பில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரை அவர் கண்டித்தார், அந்த மாணவரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத மற்றவர்களும் உடனே நிமிர்ந்து உட்கார்ந்து நோட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். அதிலிருந்துதான் அவருடைய ஆராய்ச்சியே தொடங்கியது, அதன் முடிவுகளை 1970-ல் நூலாக வெளியிட்டார். அந்த ஆராய்ச்சியில் பள்ளி வகுப்புகளை வீடியோவில் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர் எந்த வார்த்தையில் கண்டிக்கிறார் என்பதைவிட, வகுப்பில் நடப்பதெல்லாம் ஆசிரியருக்குத் தெரியும் என்று மாணவர்கள் உணர்கிறார்களா என்பதே பெரிய வித்தியாசத்தைக் காட்டியது. நமக்கு இதில் எடுத்துக்கொள்ள இரண்டு விஷயம் இருக்கிறது: சரியான ஆளைப் பிடிக்க வேண்டும், பேச்சு பக்கத்து வரிசைக்குப் பரவுவதற்கு முன்பே பிடிக்க வேண்டும். ஆரம்பித்தவனை விட்டுவிட்டு, கடைசியாகச் சிரித்தவனை எழுப்பினால் வகுப்பின் நம்பிக்கை போய்விடும்.

பேசுவதற்கும் இடம் கொடுங்கள்

ஒரு மணி நேரம் வாயே திறக்காமல் உட்காருவது பெரியவர்களுக்கே முடியாத காரியம், ஆசிரியர்கள் கூட்டத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். அதனால் பதினைந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நீங்களே பேசச் சொல்லுங்கள், பாடத்தைப் பற்றி. ஹார்வர்ட் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991-ல் தொடங்கிய முறை எளிமையானது: கருத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வி, நான்கு விடைகள், ஒவ்வொருவரும் தனியாக யோசித்துக் கையைத் தூக்கியோ விடையை அழுத்தும் சிறு கருவியிலோ விடை சொல்ல வேண்டும். சரியான விடை சொன்னவர்கள் சுமார் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் பேசி வாதாடச் சொல்லி, மறுபடியும் விடை கேட்பது. அதைவிடக் குறைவாக இருந்தால் நீங்களே மறுபடி விளக்க வேண்டும், கூடுதலாக இருந்தால் சுருக்கமாகச் சொல்லிவிட்டு மேலே போகலாம். கேள்வி கொஞ்சம் கடினமாக இருக்கட்டும், எல்லோருக்கும் தெரிந்த விடை என்றால் இரண்டு நிமிடமும் அரட்டையாகத்தான் போகும்.

திரும்ப வகுப்பை அமைதிப்படுத்துவது எப்படி என்ற பயத்திலேயே பலர் இதைச் செய்வதில்லை. முதல் நாளே ஒரு அடையாளத்தைப் பேசிவைத்துக்கொள்ளுங்கள்: நான் கையைத் தூக்கினால் பார்க்கிறவர்களும் தூக்கிவிட்டுப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று. திரையில் ஓடும் டைமரும் நன்றாக வேலை செய்யும். முடிய இருபது நொடி இருக்கும்போது ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டதும் நாமே பதில் சொல்லிவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார், மூன்று நொடி காத்திருந்தால் பதில்கள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுகிறவர்களும் கூடினார்கள். கல்லூரியிலும் மனசுக்குள் மூன்று எண்ணிப் பாருங்கள்.

வகுப்புக்கு வெளியே பேசுவது

ஒரே ஆள் மூன்றாவது வகுப்பிலும் பேசுகிறான் என்றால் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள். நான் பார்த்தவரை இதற்கு இணையாக எதுவும் வேலை செய்ததில்லை. நண்பர்கள் முன்னால் "நீ என்னை வந்து பார்" என்று அறிவித்தால் அவனுக்கு அது ஒரு மேடை ஆகிவிடும். வகுப்பு முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் மெதுவாகச் சொல்லுங்கள். இரண்டு பேர் என்றால் இருவரையும் தனித்தனியாக, அறைக் கதவு திறந்திருக்கட்டும்.

"உட்காருப்பா. இன்னைக்கும் போன வகுப்பிலும் நீ பேசிக்கிட்டே இருந்தே, முன்னாடி இருக்கிறவங்களுக்கு நான் சொல்றது கேட்கல. என்ன ஆச்சு?" இவ்வளவு போதும். நீங்கள் கண்டது, அதனால் யாருக்கு என்ன கஷ்டம், பிறகு ஒரு கேள்வி. "நீ எப்பவுமே இப்படித்தான்", "உனக்கு மரியாதையே தெரியல" என்பதெல்லாம் வேண்டாம், ஆளைப் பற்றித் தீர்ப்பு சொன்னதும் அவன் காது அடைத்துவிடும். பெரும்பாலும் "சாரி சார், இனிமே பேச மாட்டேன்" என்று ஒரு வரியில் முடித்துக்கொண்டு எழுந்துவிடப் பார்ப்பான். அதோடு விட்டுவிடாதீர்கள். "சரி, பாடம் எங்கேயிருந்து புரியாம போச்சு?" என்று கேளுங்கள், கேட்டுவிட்டு நீங்கள் பேசாமல் இருங்கள். இரவு வேலைக்குப் போகிறவன், வீட்டில் பிரச்சினை உள்ளவன், காது சரியாகக் கேட்காததால் பக்கத்தில் கேட்டுக் கேட்டு எழுதுகிறவள், இதெல்லாம் அந்த மௌனத்துக்குப் பிறகுதான் வெளியே வரும். காரணத்தை நீங்களாக ஊகித்து நோய்ப் பெயர் சூட்ட வேண்டாம், உதவி தேவைப்பட்டால் கல்லூரியின் ஆலோசகரிடம் அனுப்புங்கள். கடைசியில் குறிப்பாக ஒன்றை ஒப்புக்கொள்ள வையுங்கள்: நாளை முதல் இடம் மாறி உட்காருவது, சந்தேகம் வந்தால் பக்கத்தில் கேட்காமல் கையைத் தூக்குவது, இப்படி.

பருவத்தின் முதல் வகுப்பிலேயே பேச்சு விதியைக் காரணத்தோடு சொல்லிவிட்டால் பாதி வேலை குறையும். பாதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கும் வழி இருக்கிறது. ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயர் எழுதாமல் இரண்டு கேள்விக்கு மட்டும் பதில் வாங்குங்கள்: இந்த வகுப்பில் படிக்க உங்களுக்கு எது உதவுகிறது, எது இடைஞ்சலாக இருக்கிறது? அடுத்த வகுப்பில் யாரையும் சுட்டிக்காட்டாமல் அதைத் தொகுத்துச் சொல்லுங்கள். "பின்னாடி பேசுறாங்க, கேட்கல" என்று சக மாணவர்களே எழுதியிருப்பது தெரிய வரும்போது, நீங்கள் பத்து தடவை சொன்னதைவிட அது ஆழமாக இறங்கும். உங்கள் மேல் வரும் குறைகளையும் சேர்த்தே வாசியுங்கள், வேகமாகப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள்.

எதுவும் சரிவரவில்லை என்றால்

அன்றைய தேதி, நடந்தது, நீங்கள் சொன்னது, அவர் பதில், எல்லாவற்றையும் அன்றே இரண்டு வரியில் எழுதிவையுங்கள். வெளியே அனுப்புவதற்கு முன் உங்கள் கல்லூரி விதியில் அதற்கு இடம் உண்டா, வருகைப் பதிவு என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள். அனுப்பினால் அந்த ஒரு வகுப்புக்கு மட்டும், அதுவும் வாக்குவாதம் இல்லாமல். அவர் போக மறுத்தால் இழுபறி வேண்டாம், வகுப்பைத் தொடர்ந்துவிட்டுத் துறைத் தலைவரிடம் எழுத்தில் கொடுங்கள். மிரட்டலோ, சக மாணவரைச் சீண்டுவதோ இருந்தால் அது பேச்சுப் பிரச்சினையே இல்லை, அன்றே நிர்வாகத்திடம் போக வேண்டியது. பேசியதற்காக மதிப்பெண்ணைக் குறைப்பதையும், இருவருக்காக முழு வகுப்பையும் நிறுத்திவைப்பதையும் நான் எந்த நிலையிலும் ஏற்கமாட்டேன். மதிப்பெண் படிப்புக்கானது, முழு வகுப்பைத் தண்டித்தால் நீங்கள் யாருக்காகப் போராடுகிறீர்களோ அவர்களையே தண்டிக்கிறீர்கள்.

பேசிக்கொண்டிருந்தவர் அடங்கிய பிறகு பழைய கதையை எடுக்காதீர்கள், "இன்னைக்கு நல்ல பிள்ளை" என்ற கேலியும் வேண்டாம். ஒன்றிரண்டு வகுப்புக்குள் அவருக்குத் தெரிந்திருக்கக்கூடிய ஒரு கேள்வியை, மற்றவர்களிடம் கேட்பது போலவே அவரிடமும் கேளுங்கள்.