ஓடும் காரில் ‘ம்ம்ம்’ என்று ஊங்காரமா? பேரிங் மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

கார் 40 கி.மீ. வேகம் வரை சாதுவாகப் போகும். 50-ஐத் தாண்டியதும் தரைக்கு அடியில் வண்டு புகுந்த மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம். வேகம் கூடக் கூட அதுவும் ஏறும். பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால்தான் மறையும்.

இதைச் சொன்னதும் ஒர்க்‌ஷாப்பில் வரும் முதல் பதில் ‘வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும் குண்டு வளையம்) போயிருக்கும்’. பல சமயம் அது சரிதான். ஆனால் டயர் போடும் சத்தத்துக்குப் பேரிங்கை மாற்றிவிட்டு, அதே சத்தத்தோடு வீடு திரும்புகிறவர்களும் நிறைய. பாடியின் தகடு சத்தத்தைக் கடத்திக்கொண்டே போகும் என்பதால், பின்சக்கரத்தில் கிளம்புவது டேஷ்போர்டுக்குக் கீழே கேட்கும். அதனால் எங்கே கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, சத்தம் எதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பாருங்கள். இன்ஜினோடா, சக்கரத்தோடா, சாலையோடா, காற்றோடா? கீழே உள்ளவை ஸ்விஃப்ட், வேகன்ஆர் போல முன்சக்கரம் இழுக்கும் சின்னக் கார்களை மனதில் வைத்து எழுதியவை.

கிளம்பும் முன்

டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைச் சரிபாருங்கள். அளவு டிரைவர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். மேலே கேரியர் இருந்தால் கழற்றுங்கள். டிக்கியில் உருளும் பாட்டில், ஜாக்கி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ஏசி, பாட்டு இரண்டும் அணைந்திருக்க வேண்டும், கண்ணாடிகள் ஏறியிருக்க வேண்டும். காது கொடுத்துக் கேட்க ஒருவரைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஓட்டுகிறவருக்குச் சாலைதான் வேலை.

1. நியூட்ரல் சோதனை

காலையில் வண்டி நடமாட்டமில்லாத நேரான சாலை போதும். 60 கி.மீ. வேகத்தில் சத்தம் தெளிவாகக் கேட்கும்போது கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வாருங்கள். இன்ஜின் ஐட்லுக்கு, அதாவது 800 ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) பக்கம் இறங்கிவிடும். சத்தமும் கூடவே விழுந்தால் இன்ஜின் பக்கம் பாருங்கள். அப்படியே நீடித்து, கார் வேகம் குறையக் குறைய மெதுவாக இறங்கினால் டயர் அல்லது பேரிங்.

சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டர் இல்லாமல் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் லாக் ஆகலாம். ஆட்டோமேட்டிக் கார் என்றால் ஓட்டத்தில் நியூட்ரல் வேண்டாம். வண்டியை நிறுத்தி, பி-யில் வைத்து 2,500 ஆர்பிஎம் வரை ஏற்றிக் கேளுங்கள்.

2. இன்ஜின் பக்கம் என்றால்

நின்ற இடத்திலேயே கேட்பதால் இது சுலபம். ஏசியைப் போட்டு அணைத்துப் பாருங்கள், கம்ப்ரஸர் என்றால் சத்தம் மாறும். நியூட்ரலில் கிளட்சை விட்டிருக்கும்போது வந்து, மிதித்ததும் நின்றால் கியர் பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங். மிதிக்கும்போதுதான் வருகிறது என்றால் கிளட்ச் ரிலீஸ் பேரிங். இரண்டும் இல்லையென்றால் ஆல்டர்னேட்டர், ஐட்லர் புல்லி, வாட்டர் பம்ப் என்று பெல்ட் சுற்றுகிற சாமான்கள். மெக்கானிக் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் ஓட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பல இன்ஜின்களில் வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருப்பதால் அதற்கு மேல் ஓடவிடக் கூடாது.

பானெட்டுக்குள் குனியும்போது துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை எதுவும் தொங்க வேண்டாம். சில கார்களில் இன்ஜின் அணைந்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும்.

3. டயர்: முதலில் இங்கே கை வையுங்கள்

டயர் சத்தமும் பேரிங் சத்தமும் அண்ணன் தம்பி மாதிரி. இரண்டும் வேகத்தோடு ஏறும், இரண்டும் நியூட்ரலில் நிற்காது. பிரிப்பதற்கு முதல் சாட்சி சாலை. சொரசொரப்பான கான்கிரீட்டிலிருந்து புதிதாகப் போட்ட தார்ச்சாலைக்கு மாறும்போது சத்தத்தின் குணமே மாறினால் டயர். பேரிங்குக்குக் கான்கிரீட்டும் தாரும் ஒன்றுதான்.

அடுத்து வண்டியை நிறுத்தி, உள்ளங்கையை டயரின் பட்டன்கள் (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகள்) மேல் வைத்து வெளியோரத்திலிருந்து உள்ளோரத்துக்குத் தடவுங்கள். பிறகு அதே வழியே திரும்பி வாருங்கள். கம்பி நீட்டிக்கொண்டிருக்கலாம், மெதுவாக. போகும்போது வழுவழு, வரும்போது அரத்தில் தேய்த்த மாதிரி இருந்தால் வீல் அலைன்மென்டில் டோ (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) தவறியிருக்கிறது. பிறகு சுற்றுவாக்கில் தடவுங்கள். மேடு, குழி, மேடு, குழி என்று வந்தால் ஷாக் அப்சார்பர் சோர்ந்திருக்கும் அல்லது பேலன்சிங் போயிருக்கும். எடை குறைந்த பின்சக்கரங்களில் இந்தக் குழித் தேய்மானம் அதிகம் வரும், அங்கேதான் யாரும் கை வைப்பதில்லை.

கையால் முடிவுக்கு வர முடியவில்லை என்றால் பஞ்சர் கடையில் முன்டயரையும் பின்டயரையும் அதே பக்கத்துக்குள் மாற்றிப் போடச் சொல்லுங்கள். சத்தம் இடம் மாறினாலோ, அதன் சுருதி மாறினாலோ குற்றவாளி டயர். முன்னும் பின்னும் வேறு வேறு சைஸ் டயர் என்றால் இதைச் செய்யாதீர்கள்.

அலைன்மென்ட் செய்த அன்றே சத்தம் போகாது. பல் பல்லாகத் தேய்ந்துபோன ரப்பர் அப்படியேதான் இருக்கிறது. பட்டன் ஆழம் 1.6 மி.மீ. அடையாள மேட்டைத் தொட்டுவிட்டால் காத்திருக்க வேண்டாம், டயரையே மாற்ற வேண்டியதுதான்.

4. ஸ்டீயரிங் சோதனை

டயர் தப்பித்தால்தான் பேரிங். காலியான அகலச் சாலையில் 50 கி.மீ. வேகத்தில், லேன் மாறுவது போல மெல்ல வலது, இடது என்று வளையுங்கள். வெடுக்கென்று வெட்டக் கூடாது. வலப்பக்கம் திருப்பினால் உங்கள் உடம்பு இடப்பக்கம் சாய்கிறது அல்லவா? காரின் பாரமும் அப்படியே இடது சக்கரங்கள் மேல் ஏறும். அப்போது சத்தம் ஓங்கினால் சந்தேகம் கிளீனர் சைடு, அதாவது இடது பேரிங் மேல். இடப்பக்கம் திருப்பும்போது ஓங்கினால் டிரைவர் சைடு.

சில பேரிங்குகள் இதில் ஏமாற்றும். இரண்டு வரிசைக் குண்டுகளில் எது கெட்டிருக்கிறது என்பதைப் பொறுத்து எதிர்ப்பக்கம்கூடக் காட்டலாம். அதனால் ஜாக்கி சோதனையைத் தாண்டி நேராக உதிரிபாகக் கடைக்குப் போக வேண்டாம்.

5. ஜாக்கி சோதனை

சமதரை, எதிர்மூலைச் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல். ஜாக்கியை அதற்கென்று உள்ள விளிம்பில் மட்டும் வையுங்கள். ஸ்டெப்னியைப் படுக்க வைத்து பாடிக்குக் கீழே தள்ளிவிடுங்கள், ஜாக்கி சறுக்கினாலும் கார் அதன் மேல் உட்காரும். செங்கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள், அது சொல்லாமல் உடையும். முன்சக்கரம் பார்க்கும்போது நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டிருக்க வேண்டும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்க வேண்டும், வண்டி கியரில் நிற்க வேண்டும், முன்சக்கரங்களுக்குக் கல் வேண்டும்.

ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கை விரல்களைக் காயில் ஸ்பிரிங்கின் மேல் லேசாக வையுங்கள். விரலை ஸ்பிரிங் சுருளுக்குள் விடாதீர்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங் அசையாமல் இருக்கும். கெட்டது என்றால் அம்மியில் மணல் விழுந்த மாதிரி நறநறவென்று ஒரு அதிர்வு விரல் நுனியில் ஏறும். காதுக்குக் கேட்காததும் இங்கே தெரியும். பிரேக் பேட் உரசும் மெல்லிய ‘சர்ர்’ சகஜம். எதிர்ப்பக்கச் சக்கரத்தையும் இதே மாதிரி சுற்றி ஒப்பிடாமல் முடிவு சொல்லாதீர்கள்.

அடுத்து சக்கரத்தின் உச்சியையும் அடியையும் பிடித்து உள்ளேயும் வெளியேயும் ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங், மறையாவிட்டால் பால் ஜாயின்ட் போன்ற சஸ்பென்ஷன் பாகம். ‘ஆட்டமே இல்லை, அதனால் பேரிங் நல்லா இருக்கு’ என்பது பட்டறைகளில் அடிக்கடி கேட்கும் தவறு. கத்துகிற பேரிங் ஆட ஆரம்பிக்கவே பல மாதம் ஆகலாம். கையில் தெளிவாகத் தெரியும் அளவுக்கு ஆடுகிறது என்றால் அந்தக் காரை ஓட்டாதீர்கள்.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றவே திணறினால் பேரிங்கை விட்டுவிட்டு பிரேக்கைப் பாருங்கள். கேலிப்பர் (பேடை அழுத்தும் பிடி) நகரும் பின் (pin) இறுகி பேட் ஒட்டிக்கொண்டிருக்கும். கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்தி ரிம்முக்கு அருகில் கையைக் கொண்டுபோனால், தொடாமலே அந்தச் சக்கரத்தில் மட்டும் அனல் தெரியும்.

பேரிங் ஏன் போகிறது?

குழியில் வேகமாக இறங்குவதும், நடைபாதை விளிம்பில் மோதுவதும் உள்ளே இருக்கும் வளையத்தில் தழும்பு போடும். அதைவிட மோசம் தண்ணீர். 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் சென்னையில் ஹப் (சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதி) முழுகி நின்ற கார்களை நினைத்துப் பாருங்கள். சீலுக்குள் புகுந்த சேற்றுநீர் கிரீஸைக் கெடுத்து, துருவை ஏற்றி, சில மாதம் கழித்துத்தான் சத்தமாக வெளியே வரும். வெளியே தள்ளி நிற்கும் அகல அலாய் வீல், ஸ்பேசர் (சக்கரத்தை வெளியே தள்ளும் தட்டு) இரண்டும் பேரிங்கின் ஆயுளைக் குறைக்கும்.

6. மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

பிரஸ் (அழுத்தி இறக்கும் இயந்திரம்) இல்லாமல் இந்த வேலை வேண்டாம், வீட்டில் முயல வேண்டாம். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். நக்கிளுக்குள் (பேரிங் உட்காரும் உலோகக் கூடு) இறக்கும்போது அழுத்தம் பேரிங்கின் வெளிவளையத்தில் மட்டும் விழ வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினாலோ சுத்தியலால் அடித்தாலோ குண்டுகள் தடத்தில் பதிந்து, புது பேரிங் முதல் நாளே முனகும். ஹப்பின் தண்டு தேய்ந்திருந்தாலும் அதே கதை, ஹப்பையும் மாற்றச் சொல்லுங்கள். ஏபிஎஸ் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) உள்ள கார்களில் பல பேரிங்குகளின் ஒரு முகத்தில் காந்த வளையம் இருக்கும். அது சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும், திருப்பிப் போட்டால் ஏபிஎஸ் விளக்கு எரியும். நடுவில் உள்ள ஆக்ஸில் நட்டு புதிதாக இருக்கட்டும், அந்தக் காருக்குரிய அளவில், முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்தே முறுக்கட்டும். அது முறுக்கேறும் முன் வண்டியின் பாரத்தை அந்தச் சக்கரத்தில் இறக்கக் கூடாது. ஒரு பக்கம் போனதற்காக இரண்டு பக்கமும் மாற்றத் தேவையில்லை.

வேலை முடிந்ததும் அதே சாலையில், அதே 60 கி.மீ. வேகத்தில், அதே நபரைப் பக்கத்தில் வைத்து ஓட்டுங்கள். சுமார் 100 கி.மீ. ஓடிய பின் வீல் நட்டுகளை ஒருமுறை ரெஞ்ச் வைத்துப் பார்த்துவிடுங்கள்.