ஆடிப்பெருக்கில் காவிரி மீனுக்கு நிதி திரட்டுவது எப்படி

பெங்களூரின் குழாய்களில் வரும் காவிரி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து ஏற்றிக் கொண்டுவரப்படுவது. அதே காவிரிப் படுகையைத் தவிர வேறெங்கும் இல்லாத, முதுகு திமில்போல் உயர்ந்த ஆரஞ்சுத் துடுப்பு மஹ்சீர் மீன், 2018-இல் மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அல்சூர், விவேக் நகர் போன்ற பகுதித் தமிழர்கள் அதற்காக நிதி திரட்ட விரும்பினால், ஆடிப்பதினெட்டே பொருத்தமான நாள்.

முதலில், பணம் யாருக்குப் போகும், எதற்குச் செலவாகும் என்பதை, நீங்கள் நிதி கொடுக்கவிருக்கும் அமைப்பிடம் எழுத்தில் வாங்குங்கள். மீன்குஞ்சு வாங்கி ஆற்றில் விடுவதாகச் சொன்னால் விலகிவிடுங்கள். பண்ணையில் வளர்த்து விடப்பட்ட நீலத்துடுப்பு மஹ்சீர்தான் இந்த மீனை நெருக்கிய காரணங்களுள் ஒன்று. வெடிவைத்து மீன்பிடிப்பதைத் தடுக்கும் கரைக்காவலுக்கோ, இந்த மீன் இன்னும் வாழும் மோயாற்றில் (காவிரிப் படுகையின் ஓர் ஆறு) நடக்கும் ஆய்வுக்கோ கொடுப்பது மேல்.

புளியோதரை, தேங்காய்ச்சாதம், எலுமிச்சைச்சாதம் ஆகியவற்றை வீட்டுக்கொன்றாகப் பகிர்ந்து சமைத்து, வாழையிலைத் துண்டில் மடித்து விற்கலாம்; மந்தாரை இலை கிடைத்தால் இன்னும் நன்று, ஒழுகாது. பிளாஸ்டிக் டப்பாவில் விற்றுவிட்டு ஆற்றைப் பற்றிப் பேசுவது நன்றாக இராது.

கணக்கில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது என்பதால், பெரிய தொகையை அமைப்பின் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்தச் சொல்லுங்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்ற சித்தப்பா அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடையாகவே கருதப்படும். அதற்குரிய பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக் கூடாது. உண்டியலை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி, தொகையை அன்றிரவே குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.